கல்பாத்தி, கொல்லங்கோடு, பீர்மேடு: ஊர் விட்டுப் போய்ப் படித்த மூவர்

பேரனோ பேத்தியோ மேல்படிப்புக்காக வெளிநாடு போய் ஒரு மாதம் ஆகிவிட்டால், கல்யாண வீட்டிலும் கோயில் பிராகாரத்திலும் நம்மைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "குழந்தை செட்டில் ஆயாச்சா?" இந்தச் சின்னச் சொல்லுக்குள் நாம் பல விஷயங்களை அடக்கிவிடுகிறோம். ஜாகை கிடைத்ததா, குளிர் தாங்குகிறதா, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி, பகுதி நேர வேலை கிடைத்ததா என்று எல்லாமும் அதில் அடக்கம். படிப்பு எப்படிப் போகிறது என்பது கடைசியில்தான் வரும். சில சமயம் வராமலே போய்விடும்.

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நம் மலையோரப் பகுதிகளிலிருந்து கிளம்பிய மூன்று பேரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. ஒருவர் பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்தவர். இன்னொருவர் அதே மாவட்டத்துக் கொல்லங்கோடு. மூன்றாமவர் இன்றைய இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டில் பிறந்த பெண்மணி. மூவரும் பௌதிகம் படித்தவர்கள். மூவரும் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். மூவரும் இந்திய வானிலை இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர்கள். புதிய நகரத்தில் போய் அமர்ந்து கற்றுக்கொள்வது என்றால் என்ன என்பதற்கு மூன்று விதமான விடைகள் இவர்கள் வாழ்க்கையில் இருக்கின்றன.

மழையும் காற்றும் உள்ள பிரதேசம்

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டங்கள் அல்ல. ஆனால் இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டு விளிம்பில் இருக்கின்றன. மலைத்தொடர் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக்கொடுத்த இடம்தான் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் அந்த வழியாகப் புகுந்து வரும் காற்றைக் கோயம்புத்தூர்க்காரர்களும் அறிவார்கள். பீர்மேட்டுப் பக்கம் நிலைமை வேறு. இடவப்பாதி மழையை மலை தடுத்து நிறுத்திக் கொட்டவைக்கும். குமுளி தாண்டி இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பிரதேசம். சில மைல் தூரத்தில் இத்தனை வித்தியாசம்! இப்படிப்பட்ட பூமியிலிருந்து மூன்று வானிலை விஞ்ஞானிகள் வந்ததில் ஆச்சரியம் இல்லை என்று சொல்லத் தோன்றும். உண்மையில் மூவருமே வானிலை படிக்கவேண்டும் என்று வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் அல்ல. பௌதிகம்தான் அவர்களை இழுத்துச் சென்றது.

கல்பாத்தியிலிருந்து ரங்கூன் வரை

கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன் 1893 பிப்ரவரி 28 அன்று பிறந்தார். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்து, பிறகு சென்னை பிரஸிடென்ஸி கல்லூரிக்குப் போனார். திருவனந்தபுரத்தில் சில வருஷங்கள் கல்லூரி ஆசிரியர் வேலை. 1921இல், 28 வயதில், அதை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறி ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அடுத்த வருஷமே ரங்கூன் யுனிவர்சிட்டியில் வேலை கிடைத்துக் கப்பல் ஏறினார். பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆகவே சட்டப்படி அது வெளிநாடு அல்ல. ஆனால் பாஷை வேறு, ஆகாரம் வேறு, நடுவில் வங்காள விரிகுடா. கல்பாத்திக்காரருக்கு அது வெளிநாடேதான்.

ராமநாதன் சீமைக்குப் போய்ப் பட்டம் வாங்கியவர் அல்ல. ஆனால் கல்கத்தாவில் ராமனின் பரிசோதனைச் சாலைதான் அவருக்கு வீடாக இருந்தது. சுத்தப்படுத்திய திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, 1923இல், நிறம் மாறி வரும் ஒரு மிக மங்கலான ஒளியை அவர் கவனித்தார். திரவத்தை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அது போகவில்லை. அப்போது அதை ஒருவகை ஒளிர்வு என்றே எண்ணினார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1928இல், உலகம் ராமன் விளைவு என்று அறிந்துகொண்ட விஷயத்தின் முன்னோட்டம் அதுதான்.

1925இல் வானிலை இலாகாவில் சேர்ந்த ராமநாதன், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில்தான் கீழ் வாயுமண்டலத்தின் மிகக் குளிர்ந்த காற்று இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டினார். பிற்பாடு ஓஸோன் வாயுவைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றார். 1948 முதல் ஆமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் டைரக்டராகப் பணியாற்றினார். பத்ம விபூஷண் விருது 1976இல் வந்தது. 1984 டிசம்பர் 31 அன்று காலமானார். அடுத்த மே மாதமே அண்டார்டிகாவில் ஓஸோன் குறைந்துவிட்ட செய்தி வெளியாகி உலகம் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

பீர்மேட்டுப் பெண்மணி

அன்னா மணி 1918 ஆகஸ்ட் 23 அன்று பீர்மேட்டில் பிறந்தார். அப்போது அது திருவாங்கூர் சமஸ்தானம். இடுக்கி மாவட்டம் உருவானது 1972இல்தான். சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். தகப்பனார் சிவில் என்ஜினீயர், ஏலத் தோட்டங்கள் வைத்திருந்தவர். எட்டுக் குழந்தைகளில் ஏழாவது இவர். வைரத் தோடு வேண்டாம், என்ஸைக்ளோபீடியா பிரிட்டானிக்கா புஸ்தகங்கள் வேண்டும் என்று எட்டாவது பிறந்த நாளில் கேட்டாராம். வேண்டாம் என்ற அதே வைரத்தைப் பின்னால் வருஷக்கணக்கில் ஆராய்ச்சி செய்தார் என்பது வேடிக்கை.

சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் 1939இல் ஆனர்ஸ் பட்டம். 1940இல் ஸ்காலர்ஷிப் பெற்றுப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ராமனிடம் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலையைப் பதிவு செய்ய, போட்டோ தகடுகளை 15 முதல் 20 மணி நேரம் வரை ஒளி படும்படி வைத்திருக்க வேண்டும். பல நாள் பரிசோதனைச் சாலையிலேயே தூங்கினார். 1942 முதல் 1945 வரை ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தனி ஆசிரியராகவே வெளியிட்டார். 1945 ஆகஸ்டில் பி.எச்.டி.க்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னை யுனிவர்சிட்டி டாக்டரேட் தர மறுத்துவிட்டது. அந்த ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அதே வருஷம் சர்க்கார் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. யுத்தம் முடிந்த சமயம். பட்டாளத்தாரை ஏற்றிச் செல்லும் கப்பலில் இங்கிலாந்து போனார். வயது 27. பௌதிகத்தில் மேலும் ஆராய்ச்சி செய்யவேண்டும் என்பதே எண்ணம். லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவருக்குக் கிடைத்த இடமோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி ஒன்றுதான். விருப்பப்பட்ட பாடம் இல்லை. கையில் டாக்டரேட்டும் இல்லை. திரும்பி வந்துவிடலாம் என்று பலருக்குத் தோன்றியிருக்கும். அவர் அதை ஒப்புக்கொண்டு உட்கார்ந்து கற்றார்.

அந்த நாளைய லண்டன் எப்படி இருந்தது என்பதையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். யுத்தத்தில் ஜெயித்த நாடுதான், ஆனால் ரேஷன் தீரவில்லை. சர்க்கரை, டீ, வெண்ணெய், மாமிசம் எல்லாம் கார்டுக்கு அளந்துதான் கிடைக்கும். யுத்த காலத்தில்கூட ரேஷன் இல்லாதிருந்த ரொட்டிக்கு 1946 ஜூலையில் ரேஷன் வந்து, 1948 ஜூலை வரை நீடித்தது. அரிசி கிடைப்பது அபூர்வம். நம் அன்பர்களுக்கு ருசிக்கக்கூடிய தகவல் ஒன்று: சைவம் என்று பதிவு செய்துகொண்டவர்களுக்கு மாமிச ரேஷனுக்குப் பதிலாகக் கூடுதல் சீஸ் கொடுத்தார்கள். 1947 ஜனவரி முதல் மார்ச் வரை கடுங்குளிர். நிலக்கரித் தட்டுப்பாட்டால் மின்சாரத்தை மணிக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். குண்டு விழுந்து இடிந்த வீடுகள் ஊர் முழுக்க இருந்ததால் வாடகை அறைக்கும் பஞ்சம். அப்படிப்பட்ட நகரத்தில்தான் அன்னா மணியும், அந்த வருஷங்களில் போன மற்ற இந்திய மாணவர்களும் படித்தார்கள். அவர் அங்கே இருந்தபோதுதான் நம் நாடு சுதந்திரம் அடைந்தது.

1948இல் திரும்பி வந்து புனேயில் வானிலை இலாகாவில் சேர்ந்தார். சாதாரணமான கருவிகளுக்குக்கூட வெளிநாட்டை எதிர்பார்த்திருந்த காலம் அது. உஷ்ணமானி, பாரமானி, காற்றளவைக் கருவி, மழைமானி என்று சுமார் 100 கருவிகளுக்குத் தரமான வரைபடங்கள் தயாரித்து, அவற்றை இங்கேயே செய்ய வழிவகுத்தார். 1957-58 சர்வதேச பூபௌதிக ஆண்டில் சூரிய கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டின் பல இடங்களில் அமைத்தார். 1963இல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டபடி தும்பாவில் வானிலை ஆய்வுக் கூடத்தை நிறுவினார். பலூனில் கட்டி அனுப்பி ஓஸோனை அளக்கும் இந்தியக் கருவியும் அவர் தலைமையில் உருவானதே. 1976இல் டெபுடி டைரக்டர் ஜெனரலாக ரிடையர் ஆனார். சூரிய சக்தி பற்றி 1980, 1981இல் அவர் வெளியிட்ட இரு பெரிய புஸ்தகங்கள் அந்தத் துறைக்காரர்களுக்கு ஆதார நூல்களாயின. பிறகு நாட்டின் பல பாகங்களில் காற்றுச் சக்தியை அளந்து கணக்கெடுத்தார். 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார்.

விரும்பிய பாடம் கிடைத்திருந்தால் அவர் ஒரு நல்ல நிறமாலை விஞ்ஞானியாக ஆகியிருப்பார் என்பதில் சந்தேகம் இல்லை. கிடைத்ததைக் கற்றதால், ஒரு நாடே தன் காற்றையும் வெயிலையும் சொந்தக் கருவியால் அளக்க முடிந்தது.

கொல்லங்கோட்டிலிருந்து லாஸ் ஏஞ்ஜலஸ்

பி.ஆர். பிஷாரடி 1909 பிப்ரவரி 10 அன்று கொல்லங்கோட்டில் பிறந்தார். பிஷாரடி என்பது கோயில் கைங்கரியம் செய்து வந்த அம்பலவாசி சமூகங்களில் ஒன்று. பௌதிகம் படித்து, கல்லூரி விரிவுரையாளராக இருந்தபோதே விடுமுறை நாட்களில் பெங்களூர் போய் ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். 1942இல் வானிலை இலாகாவில் சேர்ந்தார்.

இவர் அமெரிக்காவுக்கு மாணவராகப் போனது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு. லாஸ் ஏஞ்ஜலஸில் உள்ள கலிபோர்னியா யுனிவர்சிட்டியில் சேர்ந்து எம்.எஸ். முடித்து, 1954இல், 45 வயதில், டாக்டரேட் பெற்றார். இலாகாவில் பத்து வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்தவர், இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு எழுதுவது சுலபமான காரியம் அல்ல. சர்க்கார் ஆபீஸில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாற்காலி கிடைத்தபின் பாடப் புஸ்தகத்தைத் திறக்க மனசு வராது.

அங்கே அவருக்கு வாய்த்த குரு யாக்கப் பியர்க்னஸ். நார்வே நாட்டுக்காரரான இவர் 1939இல் அமெரிக்கா போயிருந்த சமயம், 1940இல் ஜெர்மன் படை நார்வேயைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்ப முடியாமல் லாஸ் ஏஞ்ஜலஸிலேயே தங்கி, அங்கே வானிலைத் துறையை உருவாக்கினார். ஆக, குருவும் சிஷ்யரும் இருவருமே அந்த ஊருக்கு வந்தேறிகள். அந்நாளில் அமெரிக்காவில் இந்தியர்கள் மிகச் சொற்பம். 1946ஆம் வருஷத்துச் சட்டப்படி வருஷத்துக்கு 100 இந்தியர்கள்தான் அங்கே நிரந்தரமாகக் குடியேறலாம். மாணவர்கள் தனிக் கணக்கு என்றாலும், தெருவில் ஒரு தமிழ்க் குரலோ மலையாளக் குரலோ கேட்பது துர்லபமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த நகரம் இன்னொரு விதத்திலும் பாடம் நடத்தியது. லாஸ் ஏஞ்ஜலஸில் அப்போது கண்ணைக் கரிக்கும் புகைமூட்டம் பெரிய தொல்லை. மோட்டார் வண்டிப் புகையின் மீது வெயில் பட்டு ஓஸோன் உண்டாவதே அதற்கு முக்கிய காரணம் என்று ஹாகன்-ஸ்மித் என்ற விஞ்ஞானி அந்த வருஷங்களில்தான் விளக்கினார். மேலே வானத்தில் இருந்து நம்மைக் காக்கும் அதே வாயு, தரையில் உண்டானால் தொல்லை. கல்பாத்தி ராமநாதன் மேலே தேடிய ஓஸோனைக் கொல்லங்கோட்டுப் பிஷாரடி தரையிலேயே சுவாசித்தார் எனலாம்.

வாயுமண்டலம் முழுவதையும் ஒரே இயந்திரமாகப் பார்க்கும் முறையைப் பியர்க்னஸிடம் கற்றுக்கொண்டு அவர் இந்தியா திரும்பினார். 1957இல் சக விஞ்ஞானி அஸ்னானியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், வங்காள விரிகுடாவில் உண்டாகி நகரும் பருவமழைத் தாழ்வு மண்டலத்துக்குத் தென்மேற்குப் பக்கத்தில்தான் கனமழை பெய்கிறது என்பதைக் காட்டினார். இது வானிலை ஆபீஸர்களுக்கு நித்தியம் பயன்பட்ட விஷயம். 1962இல் புனேயில் வெப்பமண்டல வானிலைக் கழகம் ஆரம்பித்தபோது அவரே முதல் டைரக்டர். 1967இல் ஆமதாபாத் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். 1970 வாக்கில், கேரளத் தென்னைகளைத் தாக்கிய வேர்வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்துக் கண்டறியும் பரிசோதனையை நடத்தினார். இந்தியாவில் தொலையுணர்வுத் துறையின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான். 2002இல் புனேயில் காலமானார்.

இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. இந்திய வானிலை இலாகாவின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்த கில்பர்ட் வாக்கர், நம் பருவமழையைக் கணிக்கப் போய், பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே காற்றழுத்தம் ஏற்றம்போல ஆடுவதைக் கண்டார். பியர்க்னஸ் 1969இல் அதை எல் நினோவுடன் இணைத்து விளக்கி, அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரையே வைத்தார். நம் ஊர் மழையைப் பற்றிய கேள்வி சிம்லா, புனே, லாஸ் ஏஞ்ஜலஸ் என்று சுற்றி, மறுபடியும் நம் ஊர் மழைக்கே விடையாக வந்து சேர்ந்தது. இன்று தொலைக்காட்சியில் எல் நினோ என்று சொல்லும்போது வாசக அன்பர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

தனிமை என்னும் ஆபத்து

வெளியூர் வாசம் எல்லோருக்கும் நல்லபடியாக முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கணித மேதை ராமானுஜன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்து போனார். கடல் தாண்டக்கூடாது என்ற ஆசாரத் தடையை மீறித்தான் போனார். ஆகஸ்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. கேம்பிரிட்ஜில் தன் அறையில் தானே சமைத்து, பெரும்பாலும் தனியாகவே சாப்பிட்டார். யுத்தத்தால் காய்கறிக்கும் பாலுக்கும் கஷ்டம். வேளை தப்பிய சாப்பாடு, தூக்கமில்லாத வேலை. 1917இல் படுத்தவர், மருத்துவ விடுதிகள் பலவற்றில் இருந்து, 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் மறைந்தார். அவருக்குக் கணக்கில் ஈடுகொடுக்க ஹார்டி இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டாயா?" என்று தினமும் கேட்க ஆள் இல்லை.

ஆகவே, செட்டில் ஆயாச்சா என்று நாம் கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆகாரமும் ஜாகையும் அலட்சியம் செய்யக்கூடிய விஷயங்கள் அல்ல. ஆனால் அவை பாதிதான். இந்த மூவரும் எந்த நகரத்திலும் முதலில் தேடிக்கொண்டது ஒரு வேலை மேஜையும், தமக்குக் கற்றுத்தர ஒரு மனிதரும்தான். கல்கத்தாவில் அது ராமனின் பரிசோதனைச் சாலை, லண்டனில் கருவிகள், லாஸ் ஏஞ்ஜலஸில் பியர்க்னஸின் வகுப்பு. வேலையில் கால் ஊன்றியவுடன் ஊரிலும் கால் ஊன்றியது.

நம் குழந்தைகளுக்கு

இன்று டொரண்டோவிலும் மெல்போர்னிலும் உள்ள நம் பேரக்குழந்தைகளுக்கு அரிசியும் உண்டு, புளியும் உண்டு, தினம் இரவு திரையில் முகம் பார்த்துப் பேசவும் வசதி உண்டு. அவர்களுக்குக் கஷ்டம் இல்லை என்று இதைக் கொண்டு நினைத்துவிடக்கூடாது. கல்விக் கடன், விசாக் கெடு, கேட்ட பாடம் கிடைக்காமல் வேறு பிரிவில் இடம் கிடைப்பது எல்லாம் இருக்கின்றன. கேட்டது கிடைக்கவில்லை என்று ஒரு பிள்ளை சோர்ந்து போனால், பீர்மேட்டுப் பெண்மணியின் கதையைச் சொல்லலாம். நாற்பது வயதில் மறுபடி படிக்க வெட்கப்படும் மாப்பிள்ளைக்குக் கொல்லங்கோட்டுக்காரரைச் சொல்லலாம். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும் பிள்ளையிடம், வாரத்தில் இரண்டு நாளாவது நாலு பேரோடு சேர்ந்து சாப்பிடு என்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அந்தந்த ஊரில் உள்ள நம் உறுப்பினர்கள் மாதம் ஒருமுறை இந்த மாணவர்களை வீட்டுக்கு அழைத்துச் சாதம் போட்டால் அதுவே பெரிய புண்ணியம்.

ராமநாதன் 1961இலும், பிஷாரடி 1989இலும் வானிலைத் துறையின் மிக உயர்ந்த சர்வதேசப் பரிசைப் பெற்றார்கள். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு! 1987இல் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் அன்னா மணிக்குக் கொடுத்த பதக்கத்தின் பெயர் கே.ஆர். ராமநாதன் பதக்கம். பீர்மேட்டுக்காரருக்குக் கல்பாத்திக்காரர் பெயரில் மரியாதை.

பாலக்காட்டுக் கணவாயில் கஞ்சிக்கோட்டிலும், இடுக்கி எல்லையில் ராமக்கல்மேட்டிலும் இன்று காற்றாலைகள் சுற்றுகின்றன. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும் அன்பர்கள், இந்த நாட்டின் காற்றை அளந்து கணக்கெடுத்த அந்த அம்மாளைக் கூட வரும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுகிறேன்.